கூடத்தில் இரண்டு வாட்ச்மேன்கள்

என் மருமகள் வீடுகளுக்கு உள்அலங்காரம் செய்து கொடுப்பவள். ஊரார் வீட்டுச் சுவர்களையெல்லாம் ஒரு கை பார்த்துவிட்டு, கடைசியில் எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பினாள். வரைபடத்தைச் சாப்பாட்டு மேஜையில் விரித்தபோது எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. சோபா இருந்தது, புத்தக அலமாரி இருந்தது, ஜன்னலோரம் ஒரு செடிகூட இருந்தது. என் ஸ்பீக்கர்களை மட்டும் காணோம்.

"இங்க நாலு வட்டம் இருக்கு பாருங்க அத்தை, இதுதான் இனிமே ஸ்பீக்கர்" என்றாள். "ஃபால்ஸ் சீலிங்குக்குள்ள நாலு, டிவி சுவத்துக்குள்ள ரெண்டு. மேல பெயிண்ட் அடிச்சுட்டா இருக்கறதே தெரியாது."

"இருக்கறதே தெரியக் கூடாதுன்னா எதுக்கு வாங்கணும்?"

"ஸ்பீக்கரைப் பாக்கவா வாங்கறோம்? கேக்கத்தானே?"

நல்ல பதில். அவளோடு சண்டை போடுவதில் இதுதான் தொல்லை. பதிலுக்குப் பதில் வைத்திருப்பாள், அதுவும் பாதி நேரம் நியாயமாகவே இருக்கும்.

என் ஸ்பீக்கர்கள் இரண்டும் என் இடுப்புக்கு மேல் உயரம். மரப்பெட்டிகள். ஒன்றை நகர்த்தவே இரண்டு பேர் வேண்டும். கூடத்தில் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று விறைப்பாக நிற்பதால் மருமகள் அவற்றுக்கு வாட்ச்மேன் என்று பெயர் வைத்திருந்தாள். "உங்க வாட்ச்மேனுங்க காலை இடிச்சிடுச்சு அத்தை" என்பாள். தூசி சேரும், ஒயர் தடுக்கும், கூடத்தில் கால்வாசியை அடைத்துக்கொள்ளும். எல்லாம் உண்மை. அவளுக்கு இந்த வீடு வெறும் வீடும் அல்ல. வேலை முடிந்ததும் படம் பிடித்து, வருகிற வாடிக்கையாளர்களுக்குக் காட்டப் போகிறாள். சொந்த வீட்டிலேயே இரண்டு பெட்டிகளை ஒளிக்கத் தெரியாதவளிடம் யார் வேலை கொடுப்பார்கள் என்பது அவள் கவலை.

என் கவலையை நான் சொல்லவில்லை. அதைச் சொல்லாமல் மற்ற எல்லாவற்றையும் சொன்னேன். கூரை ஸ்பீக்கரில் அடித்தொனி வராது என்றேன். ரிப்பேர் ஆனால் ஏணி போட வேண்டும் என்றேன். வீடு மாறினால் கூரையைப் பெயர்த்துக்கொண்டா போவது என்றேன். என் மகன், "நாம எங்கம்மா மாறப் போறோம்?" என்று சிரித்தான்.

நான் குரல்பதிவுகளைக் கேட்டு எழுதித் தருபவள். அலுவலகங்களில் கூட்டம் நடக்கும். நாலு பேர் ஒரே நேரத்தில் பேசுவார்கள், ஒருவர் இருமுவார், ஒருவர் பேனாவால் மேஜையைத் தட்டிக்கொண்டே இருப்பார். அந்தச் சந்தைக்கடைக்குள்ளிருந்து யார் என்ன சொன்னார் என்று ஒரு சொல் விடாமல் தட்டச்சு செய்து அனுப்ப வேண்டும். பதினாறு வருடமாகச் செய்கிறேன். இந்த வேலையில் நான் கெட்டிக்காரி. இதில் அடக்கம் காட்டுவதாக இல்லை.

இரண்டு வருடங்களுக்கு முன்பு ஒருநாள் காலையில் எழுந்தபோது எனக்கு வலது காது கேட்கவில்லை. தண்ணீர் புகுந்திருக்கும் என்று நினைத்தேன். நரம்பு போய்விட்டது, இனி திரும்பாது என்றார் மருத்துவர். மிச்சம் இருக்கும் காதைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள், ஹெட்போனை மட்டும் மாட்டாதீர்கள் என்றும் சொன்னார். வீட்டில் மூச்சு விடவில்லை. என் மகன் நல்லவன், அவனுடைய நல்ல குணம்தான் எனக்குப் பயம். விஷயம் தெரிந்தால், "போதும்மா, உழைச்சது போதும்" என்று கம்ப்யூட்டரை மூடி வைத்துவிட்டுச் சூடாகக் காபி கொண்டுவந்து கொடுப்பான். அந்தக் காபியை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அதனால் சத்தமில்லாமல் ஒரு வழி செய்துகொண்டேன். இடப்பக்க வாட்ச்மேனை என் இடது காதைப் பார்த்துக் கொஞ்சம் திருப்பினேன். நாற்காலியை ஒரு முழம் தள்ளிப் போட்டேன். பதிவில் யாராவது முணுமுணுத்தால் பெட்டிப் பக்கம் சாய்ந்துகொள்வேன். இரண்டு வருடத்தில் ஒரு வேலையும் திரும்பி வரவில்லை. கூரையில் இருக்கும் ஸ்பீக்கரை எந்தக் காதைப் பார்த்துத் திருப்புவது?

பேச்சு முற்றிப்போய், மகன் ஒரு போட்டி வைத்தான். கூரையிலும் சுவரிலும் ஸ்பீக்கர் பொருத்தி முடிந்திருந்தது. பொருத்தியவரை எங்கள் வீட்டில் ஏணிக்காரர் என்போம், ஏணி இல்லாமல் அவரை நாங்கள் பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரை வரவழைத்தான்.

"அம்மா கண்ணைக் கட்டிக்கட்டும். அவர் மாத்தி மாத்திப் போடுவாரு. இது மேல இருக்கறதா, வாட்ச்மேனான்னு பத்துக்குப் பத்து சொல்லிட்டா பெட்டி இங்கயே இருக்கட்டும். இல்லைன்னா வித்துடலாம். சரியா?"

"சரி" என்றேன். வீராப்புதான், வேறென்ன.

ஏணிக்காரர் வேலையில் கறார். ஒரு சின்னக் கருவியை என் நாற்காலியில் வைத்து, கூரையிலிருந்தும் பெட்டியிலிருந்தும் சத்தம் ஒரே அளவு வரும்படி சரிசெய்தார். "சத்தம் ஒரு பொட்டு கூடுதலா இருந்தாலும் அதுதான் நல்லா இருக்குன்னு காது ஏமாந்துடும்" என்றார். மருமகள் தன் துப்பட்டாவால் என் கண்ணைக் கட்டினாள். வாத்திய இசை ஒன்று தொடங்கியது.

"வாட்ச்மேன்" என்றேன். சரி. "மேல." சரி. "மேல." சரி. "வாட்ச்மேன்." "மேல." ஐந்துக்கு ஐந்து. மருமகளின் மூச்சு சூடானது எனக்கே தெரிந்தது.

நான் காதால் கண்டுபிடிக்கவில்லை. கூடத்துக்கு மரப்பலகைத் தரை போட்டது மருமகள்தான். பெட்டி பாடினால் பலகை மெல்ல அதிரும், கூரை பாடினால் அதிராது. செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு உட்கார்ந்திருந்தேன். ஏமாற்றுதான். அதற்காக வெட்கப்படவில்லை.

"ஒரு நிமிஷம்" என்றார் ஏணிக்காரர். "பெட்டி நேரா பலகை மேல நிக்குது. தரையும் சேர்ந்து அதிருது. இது நியாயமான போட்டி இல்ல." அவரும் மகனும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பெட்டிகளைத் தூக்குவது கேட்டது. அடியில் தடித்த ரப்பர் வில்லைகளை வைத்துவிட்டார். அவருடைய நேர்மையில் இடி விழ!

ஆறாவது பாட்டு தொடங்கியது. காலுக்குக் கீழே ஒன்றும் இல்லை. ஒரு சத்தம் எதிரே இருந்து வருகிறதா, தலைக்கு மேலிருந்து வருகிறதா என்று சொல்ல இரண்டு காது வேண்டும். எனக்கு உலகத்துச் சத்தம் எல்லாம் இடப்பக்கத்திலிருந்துதான் வருகிறது. "வாட்ச்மேன்" என்றேன். தப்பு. அடுத்ததும் தப்பு. அதற்கடுத்து குருட்டாம்போக்கில் ஒன்று சரி. பிறகு இரண்டும் தப்பு.

யாரும் கைதட்டவில்லை. துப்பட்டாவை அவிழ்த்தேன். என் வலப்பக்கம், தோளை ஒட்டி, மருமகள் தண்ணீர் டம்ளரோடு நின்றுகொண்டிருந்தாள். அவள் முகம் ஜெயித்தவள் முகமாக இல்லை.

"பாட்டு ஓடும்போதே மூணு தடவை கூப்பிட்டேன் அத்தை. தண்ணி வேணுமான்னு. இங்கேயே நின்னு."

மகன் என்னைப் பார்த்தான், திரும்பிய வாக்கில் நின்ற இடப்பக்க வாட்ச்மேனைப் பார்த்தான். "அம்மா... வலது காதா?"

இரண்டு வருடம் கட்டிக்காத்தது ஒரு டம்ளர் தண்ணீரில் போயிற்று. அழுகை வரும் என்று நினைத்தேன். வந்தது கோபம்.

"ஆமா. ரெண்டு வருஷமா கேக்கல. அதுக்கு இப்ப என்ன?"

"என்னம்மா இது, சொல்ல மாட்டியா? இத்தனை நாள் தனியா... போதும்மா. இனிமே இந்த வேலையெல்லாம் எதுக்கு? நீ நிம்மதியா..."

"காபி போடப் போறியா?" என்றேன். அவனுக்குப் புரியவில்லை. "உக்காரு. நீயும் உக்காரும்மா. உங்க போட்டி முடிஞ்சுது, நான் தோத்துட்டேன். இப்ப என் போட்டி. சத்தம் எங்கேர்ந்து வருதுன்னு கேக்காதீங்க, அது எனக்குத் தெரியாது. என்ன சொல்றாங்கன்னு கேளுங்க."

எங்கள் குடியிருப்புச் சங்கம் லிஃப்ட் சம்பந்தமாகப் போட்ட சண்டையின் பதிவு முந்தின நாள்தான் எழுதித் தரச் சொல்லி வந்திருந்தது. நான் இன்னும் திறக்கவில்லை. மகனிடமும் மருமகளிடமும் தாளும் பேனாவும் கொடுத்து, நானும் ஒரு தாளை எடுத்துக்கொண்டேன். மூன்று நிமிடம் கூரையிலிருந்து, அடுத்த மூன்று நிமிடம் பெட்டியிலிருந்து. நடுநடுவே நிறுத்தி எழுதலாம், திரும்பப் போடக் கூடாது. விளங்காத இடத்தில் கோடு போட வேண்டும். ஏணிக்காரர் நடுவர்.

கூரையிலிருந்து சண்டை கொட்டியது. எல்லாப் பக்கமும் சமமாக, மழை மாதிரி. எனக்கு ஒரு குரல் மேல் இன்னொரு குரல் விழுந்தது. எழுதினேன், விட்டேன், கோடு போட்டேன். என் பதினாறு வருடத்தில் நான் அனுப்பிய எந்தத் தாளிலும் அத்தனை கோடுகள் இருந்ததில்லை. அவமானமாக இருந்தது, மறைக்கவில்லை.

பிறகு பெட்டிக்கு மாற்றினார். என் வழக்கமான இடத்தில், வழக்கமான சாய்வில் உட்கார்ந்தேன். நாலாவது மாடிக்காரர் செயலாளரை வெளுத்து வாங்கினார். செயலாளர் பதில் சொல்லும்போதே பின்னால் ஒரு பெண், "இவரு வீடு தரைத்தளம்தானே, இவருக்கு எதுக்கு லிஃப்ட்?" என்று முணுமுணுத்தாள். அதையும் எழுதினேன்.

ஏணிக்காரர் தாள்களை வாங்கி, விரல் வைத்து எண்ணினார். கூரையில் என் கோடுகள் பதினொன்று, மகனுடையவை ஒன்பது, மருமகளுடையவை ஆறு. பெட்டியில் மகனுக்கு ஏழு, மருமகளுக்கு நாலு.

"அம்மாவுக்கு ஒன்னும் இல்ல" என்றார். தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டு மறுபடி சொன்னார். "ஒன்னுமே இல்ல சார். அந்த முணுமுணுப்பு நீங்க ரெண்டு பேருமே எழுதலையே."

நாலு காதை ஒரு காது தோற்கடித்திருந்தது. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"ரெண்டுமே நல்ல ஸ்பீக்கர்தான்" என்றார் ஏணிக்காரர், தன் பிழைப்பில் மண் விழுந்துவிடக் கூடாதே என்று. "வீடு பூரா பாட்டு பரவணும், சமைச்சுக்கிட்டே கேக்கணும்னா மேல இருக்கறது. ஒரு ஆளு உக்காந்து வார்த்தை வார்த்தையா கேக்கணும்னா நேரா வர்றது. இதை இன்னிக்கு இப்படித் திருப்பலாம், நாளைக்கு அப்படித் திருப்பலாம். அதைத் திருப்பணும்னா நான் கூரையை வெட்டணும்."

மகன் சமாதானத்துக்கு வந்தான். அவனுக்கு எல்லோரும் சந்தோஷமாக இருக்க வேண்டும். "சரிம்மா, வேலையை விட வேண்டாம். ஆனா ஒரு காதுதானே... ஒரு பெட்டி போதுமே? அந்த இன்னொன்னையாவது எடுத்துடலாம்."

"ஒரு கண்ணு தெரியாதவனுக்கு மூக்குக் கண்ணாடியைப் பாதியா உடைச்சா குடுப்பாங்க?" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. "எனக்குக் கேக்காத பக்கத்துல இருக்கறதையெல்லாம் ஒவ்வொன்னா தூக்கிட்டே வந்தா, கடைசியில அந்தப் பக்கம் எனக்கு என்னடா மிஞ்சும்? போனது காது மட்டும்தான். அந்தப் பக்கம் பூரா போகல."

மருமகள் எழுந்து வரைபடத்தை எடுத்து வந்தாள். ஜன்னலோரச் செடியை ரப்பரால் அழித்தாள். அந்த இடத்தில் ஒரு சதுரம், எதிர்ப்பக்கம் ஒரு சதுரம். சோபாவை அழித்து, என் நாற்காலியின் இடப்பக்கம் வரும்படி மறுபடி வரைந்தாள்.

"இப்ப எல்லாரும் உங்களுக்குக் கேக்கற பக்கம் உக்காருவாங்க" என்றாள். பிறகு தொழில்காரியாகி, "ஆனா படம் எடுக்கற அன்னிக்கு மட்டும் வாட்ச்மேனுங்களுக்கு லீவு குடுக்கலாமா அத்தை?" என்றாள்.

"பாக்கலாம்" என்றேன்.

படம் எடுப்பவர் மூன்று வாரம் கழித்து வந்தார். கூடம் உண்மையிலேயே அழகாகத்தான் இருந்தது, அதை ஒப்புக்கொள்வதில் எனக்குக் கஷ்டமில்லை. அடுக்களையில் கூரை ஸ்பீக்கர் மெல்லப் பாடிக்கொண்டிருந்தது, அது எனக்கும் பிடித்துத்தான் இருந்தது. நான் என் நாற்காலியில் வேலையாக இருந்தேன். அவர் விளக்குகளை நிறுத்தி, மூன்று இடத்திலிருந்து பார்த்துவிட்டு, என் வலப்பக்கம் வந்து குனிந்தார்.

"அம்மா, இந்த ரெண்டு பெட்டியையும் ஒரு அஞ்சு நிமிஷம் வெளிய வச்சுடலாமா? நீங்களும் கொஞ்சம் எழுந்துட்டீங்கன்னா..."

பதிவை நிறுத்தியிருந்ததால், அவ்வளவு பக்கத்தில் பேசியது இடது காதுக்கே நன்றாக எட்டியது. வாசலில் மருமகள் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு வருடமாக ஊருக்கே தெரியாமல் ஒளித்து வைத்திருந்த காதை, முன்பின் தெரியாத அந்த மனிதருக்குத் தொட்டுக் காட்டினேன்.

"இந்தக் காது கேக்காது தம்பி. அந்தப் பக்கம் வந்து சொல்லுங்க."

பாவம், ஒயரைத் தாண்டி, பெட்டியைச் சுற்றிக்கொண்டு இடப்பக்கம் வந்தார். இன்னும் பணிவாக, முழுதும் மறுபடி சொன்னார்.

"இப்ப நல்லா கேட்டுச்சு" என்றேன். "முடியாது."

அவர் மருமகளைத் திரும்பிப் பார்த்தார். அவள் வாசல் நிலையில் சாய்ந்துகொண்டு, "அதான் சொல்லிட்டாங்கல்ல, அப்படியே எடுங்க" என்றாள். இப்போது அவள் வாடிக்கையாளர்களுக்குக் காட்டும் படங்களில் முதல் படம் அதுதான். அதில் வாட்ச்மேன்கள் இரண்டு பேரும் நானுமாக மூன்று பேரும் இருக்கிறோம்.