எட்டுப் பேர் உட்கார்ந்த ஷாட்

ஏழாவது தடவையும் வேல்விழியின் கை சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. பட்டாசு மருந்துத் தொட்டியைத் தரையோடு இழுக்க வேண்டும், அவ்வளவுதான் நடிப்பு. அவளோ குனிந்தாள், இரண்டு கையாலும் பிடித்தாள், பச்சைப்பிள்ளையைத் தூக்குகிற மாதிரி தூக்கி அந்தப் பக்கம் வைத்தாள்.

"கட்," என்றான் கதிரவன். "அக்கா, தூக்காதீக. இழுங்க."

"இழுக்கணும்னுதான் தம்பி குனியிறேன். கை தூக்கிருது."

தீபாவளி முடிந்து பட்டாசுக் கம்பெனிகள் பூட்டிக் கிடக்கிற மாதம் அது. எம். புதுப்பட்டிக்கு வெளியே இருக்கும் அந்தக் கம்பெனியில் ஓர் அறையைக் கழுவிவிட்டு, தொட்டியில் மருந்துக்குப் பதிலாக அடுப்புச் சாம்பலை நிரப்பி வைத்திருந்தார்கள். கம்பெனி திறக்கிற அன்று பூஜை முடிந்ததும் தொழிலாளர்களுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் போட்டுக் காட்ட ஒரு பாதுகாப்புக் குறும்படம் வேண்டும் என்று முதலாளி ஆசைப்பட்டார். கதிரவன் திருத்தங்கல்காரன். கல்யாண ஜோடிகளை மரத்தைச் சுற்றி நடக்கவிட்டே நாலு வருடத்தை ஓட்டியவனுக்கு நிஜமான படம் ஒன்று கிடைத்ததும் தலைகால் புரியவில்லை. காலையிலேயே நடிக்க வந்த நாலு பெண்களையும் உட்காரவைத்துப் பாடம் எடுத்துவிட்டான்.

"அஞ்சு நிமிசப் படம். ஒரே ஒரு விசயத்தைத்தான் சொல்லணும். கதையை எம்புட்டு தாமதமா ஆரம்பிக்க முடியுமோ அம்புட்டு தாமதமா ஆரம்பிக்கணும். நேரா அந்தக் கையில ஆரம்பிக்கிறோம். தொட்டியை இழுக்குற கை. அடுத்த ஷாட்டு புகை. முடிஞ்சது."

மற்ற மூன்று பெண்களும் தரையைப் பார்த்தார்கள். முகம் நன்றாக இருக்கிறது என்று வேல்விழியைப் பொறுக்கி எடுத்த அந்த வெளியூர்ப் பையனுக்கு ஒன்றும் தெரியாது. பக்கத்தில் நின்ற போர்மேன் பலவேசம் அண்ணாச்சிக்கு எல்லாம் தெரியும்.

நாலு வருடம் முன்னால் இதே கம்பெனியின் இன்னோர் அறையில் வேல்விழியின் கணவன் வேலுச்சாமி செத்துப்போனான். கூட இரண்டு பேர். தொட்டியைத் தரையில் இழுத்தான், உராய்ந்து தீப்பிடித்தது, தொழிலாளியின் கவனக்குறைவு என்று எழுதி முடித்தார்கள். அவன் இழுத்ததை வாசலில் நின்ற ஒருத்தி பார்த்திருந்தாள், அதனால் இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. கூடச் செத்தவர்களில் ஒருத்தி குருவம்மாளின் ஒரே மகள் அழகுமீனா. அன்றைக்கு நிறுத்தியதுதான், அடுத்த வீட்டுக்காரியான குருவம்மாள் வேல்விழியோடு பேசுவதில்லை. குழாயடியில் வேல்விழி குடத்தை வைத்தால் தன் குடத்தை எடுத்துக்கொண்டு போய்விடுவாள். ஊர் அவளை ஒரு வார்த்தை தப்புச் சொன்னதில்லை. மகளைக் கொன்றவனின் பெண்டாட்டியோடு எவள் பேசுவாள்?

காலையில் கதிரவன் சொன்ன கதையைக் கேட்டதும் வேல்விழி எழுந்து போயிருக்கலாம். போனால், பாத்தியா, அவளுக்கே குத்துது என்பார்கள். இருந்து நடித்தால் புருசன் செய்ததைப் பெண்டாட்டி ஊரைக் கூட்டி நடித்துக்காட்டியதாக ஆகும். பதினொன்றாம் வகுப்புப் படிக்கிற அவள் மகளும் பூஜை அன்றைக்குக் கூட்டத்தில் இருப்பாள். எப்படிப் போனாலும் இடிக்கிறது. சரி, இழுத்துத் தொலைப்போம் என்றுதான் குனிந்தாள். கை இழுத்தால்தானே?

எட்டாவது தடவையும் தொட்டி தரையை விட்டு எழும்பியபோது கதிரவனுக்குப் பொறுமை போய்விட்டது. "ஒரு தடவை கவனக்குறைவா இருங்கக்கா. அது என்ன அம்புட்டுக் கஷ்டமா?"

வேல்விழி தொட்டியை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். அப்போதுதான் அவளுக்கே உறைத்தது. பத்து வருடம் வேலை பார்த்த தன் கைக்கே இது வரவில்லை. வேலுச்சாமி இருபது வருடம் பார்த்தவன். வீட்டில் சோற்றுப்பானையைக்கூட இழுக்காமல் தூக்கி வைப்பவன், அதற்காகவே அவள் அவனை எத்தனையோ தடவை கேலி செய்திருக்கிறாள். இத்தனை நாளும் ஊர் சொன்னதை அவளும் பாதி நம்பித்தான் இருந்திருக்கிறாள். அதை நினைத்ததும் அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"கதையைக் கொஞ்சம் முன்னாடி ஆரம்பிங்க தம்பி," என்றாள். "இந்த ரூம்ல நாலு பேரு இருக்கோம். சுத்தி எடம் கிடக்கு. எடம் இருந்தா எவளும் தூக்கத்தான் செய்வா. சீசன்ல உக்காருற மாதிரி எட்டுப் பேரை உக்கார வையுங்க. அப்ப என் கை என்ன செய்யுதுன்னு பாப்போம். எங்க வீட்டுக்காரரு இழுத்தாருன்னுதான் எழுதி வச்சிருக்காக. ஏன் இழுத்தாருன்னு யாரும் எழுதலை."

கதிரவனுக்கு முகம் வெளுத்துவிட்டது. யாரிடம் போய்க் கவனக்குறைவைப் பற்றிப் பேசியிருக்கிறோம் என்று நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"ரூமுக்கு நாலு பேருதான் சட்டம்," என்று குறுக்கே வந்தார் பலவேசம்.

"சட்டத்தை மீறுனா என்ன ஆகும்னு காட்டத்தானே அண்ணாச்சி படம்," என்றான் கதிரவன்.

வேடிக்கை பார்க்க வந்தவர்களில் மூன்று பேர் உள்ளே வந்தார்கள். இன்னும் ஒருத்தி வேண்டும். தூரத்தில் வேப்பமரத்தடியில் நின்றவளைக் கதிரவன் கைகாட்டிக் கூப்பிட்டான். "அங்கன நிக்கிற அம்மா, நீங்களும் வாங்க."

அது குருவம்மாள். அவள் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு என்ன நினைத்தாளோ, நடந்து வந்து, உடம்பு மின்சாரம் இறங்குவதற்காக வாசலில் பதித்திருந்த செம்புத் தகட்டை வழக்கம்போலத் தொட்டுவிட்டு உள்ளே நுழைந்தாள். தொட்டிக்குப் பக்கத்தில்தான் இடம் மிச்சம் இருந்தது. வேல்விழிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

கதிரவன் கேமராவை மூலைக்குக் கொண்டுபோய் அறை முழுக்கத் தெரிகிற மாதிரி வைத்தான். "இனி கட்டே கிடையாது. எல்லாம் ஒரே ஷாட்டு. வெளிய இருந்து அவசரப்படுத்துற சத்தம் ஒண்ணு வேணும். நீங்களே போடுங்க அண்ணாச்சி, நல்ல கனமான குரலு."

புகழ்ச்சி யாரைத்தான் விட்டது. பலவேசம் தொண்டையைச் செருமிக்கொண்டு வாசலுக்கு வெளியே போய் நின்றார். பெண்கள் குனிந்து பட்டாசுக் காகிதக் குழாய்களில் சாம்பலை அடைத்தார்கள். முழங்காலோடு முழங்கால் இடித்தது. காலி அறைதான், வெறும் சாம்பல்தான், ஆனாலும் எல்லாருக்கும் வேர்த்தது.

"ஏலே, லோடு வண்டி நிக்குதுலே," என்று கத்தினார் பலவேசம். "சீசன் முடியப்போகுது, இன்னும் என்னத்த உருட்டிக்கிட்டு இருக்கீக. தள்ளுங்கலே சீக்கிரம்."

அந்தக் குரலைக் கேட்டு வேலை பார்த்துப் பழகிய உடம்பு வேல்விழியுடையது. தூக்குவதற்கு முழங்கையை விரித்தாள், குருவம்மாளின் முதுகில் இடித்தது. இந்தப் பக்கம் திரும்பினாள், குழாய்க் கட்டு. அடுத்த நொடி தொட்டி தரையில் கரகரவென்று இழுபட்டது. இழுத்தது தன் கைதான் என்று அவளுக்குச் சத்தம் கேட்ட பிறகே தெரிந்தது.

கதிரவன் கட் சொல்ல மறந்து நின்றான்.

பலவேசம் உள்ளே வந்தார். குரல் இறங்கியிருந்தது. "நல்லா வந்துருச்சுல்ல. கையை மட்டும் வச்சுக்கிட்டு மத்ததை வெட்டிருப்பா."

முடியாத காரியம் இல்லை. கையை மட்டும் பெரிதாக்கி எடுத்துவிடலாம். கதிரவன் வேல்விழியைப் பார்த்தான்.

"நாலு வருசமா அந்தக் கையைத்தான் அண்ணாச்சி எல்லாரும் பாத்துக்கிட்டு இருக்காக," என்றாள் அவள். "இப்பவாச்சும் ரூமைப் பாக்கட்டும்."

பலவேசம் கேமராவின் சின்னத் திரையில் அந்த ஷாட்டைப் போடச் சொன்னார். பார்த்தார். மறுபடி போடச் சொன்னார். தன் குரல் வருகிற இடத்தில் ஒவ்வொரு தடவையும் அவர் கண் சுருங்கியது. மூன்றாம் தடவை முடிந்ததும் சுவரில் சாய்ந்துகொண்டார்.

"அன்னைக்கு ஒம்பது பேரு," என்றார். "வெளிய நின்னு கத்துனது நான்தான். விசாரணையில நாலு பேருன்னு சொல்லிட்டேன்."

சொல்லிவிட்டு அங்கிருந்த யாரையும் அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. வேல்விழிக்குக் கோபம் வரும் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். அது வரவில்லை. ஒரு மனிதர் வாயால் இந்த ஒரு சொல் வருவதற்காகத்தான் இத்தனை நாள் காத்திருந்தோம் என்பது அவளுக்கு இப்போதுதான் தெரிந்தது.

"உங்க குரலை எடுத்துட்டு வேற ஆளைப் பேச வைக்கட்டா அண்ணாச்சி?" என்று மெதுவாகக் கேட்டான் கதிரவன்.

கம்பெனியில் அந்தக் குரலைத் தெரியாத ஆள் ஒருவர் கிடையாது. வேலை போகும், கேஸும் வரலாம். பலவேசம் சுவரை விட்டு நிமிர்ந்தார்.

"இருக்கட்டும்," என்றார். "முதலாளிகிட்ட நான் பேசிக்கிறேன்."

"அப்ப ஒம்பது பேரையே வச்சு ஒண்ணு எடுத்துருவோம்," என்றான் கதிரவன். இன்னொருத்தியும் நெருக்கியடித்து உட்கார்ந்தாள். கேமரா ஓடியது. பலவேசம் வெளியே போய் நின்று கத்தினார். குரல் பிசிறினாலும் கத்தினார்.

வேல்விழி குனிந்தாள். குருவம்மாள் திரும்பினாள். சுருங்கிப்போன அந்த முகத்தை இவ்வளவு பக்கத்தில் பார்த்து நாலு வருடம் ஆகிறது. குருவம்மாள் தன் சேலையை ஒதுக்கி, குழாய்க் கட்டை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, சுவரோடு சுவராக நகர்ந்து உட்கார்ந்தாள்.

"எடம் விட்டுருக்கேன்," என்றாள். "தூக்கிக்கோ ஆத்தா."

வேல்விழி தூக்கினாள். அந்த டேக் வீணாகப் போனது. கதிரவன் கட் சொல்லவில்லை.