நாலு மணி குளோசிங்

மலேசியாவின் கிள்ளான் நகரத்து வீட்டுக் கூடத்தில் தாமரை அப்பாவின் நெற்றியில் விபூதி பூசிக்கொண்டிருந்தபோது வாசலில் ஒருவன் செருப்பைக் கழற்றினான். அப்பா பாலனோடு லோரி ஓட்டும் குகன். கண் இரண்டும் சிவந்து கிடந்தன. உடலைக் கும்பிட்டுவிட்டு அவளருகே வந்து குரலைத் தாழ்த்தினான்.

“தப்பா நெனைக்காத மா. ஆபீஸ்ல அனுப்புனாங்க. பாலன் அண்ணனோட லோரி சாவி வேணுமாம். அதுல இருக்குற கண்டெய்னர் நாலு மணிக்குள்ள போர்ட்டுக்குள்ள போவணும், குளோசிங் லா. விட்டா கப்பல் போயிரும்.”

மணி இரண்டு. மூன்றுக்கு உடலை எடுக்க வேண்டும். அடப்பாவிகளா, மனுஷன் இன்னும் வீட்டைவிட்டே போகவில்லை, அதற்குள் சாவியா!

மூன்று நாள் சரியாகத் தூங்காமல் ஓட்டிய அப்பா, நேற்று துறைமுக வாசல் வரிசையில் ஸ்டியரிங் மேலேயே சாய்ந்துவிட்டார். தூங்குகிறார் என்று நினைத்துப் பின்னால் நின்றவர்கள் ஹார்ன் அடித்தார்களாம். ஆஸ்பத்திரியில் கொடுத்த பையில் அவர் சட்டை, பர்ஸ், லோரிச் சாவி.

அவளுடைய போனிலும் ஒரு கெடு இருந்தது. லாஜிஸ்டிக்ஸ் பட்டப்படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. இன்று ஐந்து மணிக்குள் சம்மதம் என்று அழுத்தாவிட்டால் போச்சு. விண்ணப்பத்தில் அதை முதலில் போடச் சொன்னது அப்பாதான். “டிரைவர் எப்ப தூங்குனான்னு கேக்க ஆபீஸ்ல ஒருத்தன் இல்ல. நீ போய் அந்த நாக்காலில உக்காரு.” அம்மா தங்கமணியோ காலையிலேயே சொல்லிவிட்டாள்: “அந்தப் பொழப்பு பேச்சே இனி வேணாம். அதுல சேந்தே, என் மூஞ்சில முழிக்காத.”

“அண்ணே, நீங்க எப்ப தூங்குனீங்க?”

குகன் தரையைப் பார்த்தான். “முந்தாநேத்து, கொஞ்சம்.”

தாமரை பையை இறுக்கிப் பிடித்தாள். “அப்பாவ எரிச்சிட்டு வர வரைக்கும் எந்தப் பொருளும் வீட்ட விட்டு வெளிய போவக் கூடாதுண்ணே. எங்க வழக்கம்.”

அப்படியொரு வழக்கத்தை அந்த வீட்டில் யாரும் கேள்விப்பட்டதே இல்லை.

“என் வேல போயிரும் மா.”

தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அம்மா நிமிர்ந்தாள். மகளைப் பார்த்தாள். பிறகு குகனின் கண்களை வெகுநேரம் பார்த்தாள்.

“ஆமா தம்பி, எங்க வழக்கந்தான். பாலன் பொண்டாட்டி தர மாட்டேன்னுட்டாள்னு சொல்லு. நீ செத்த நேரம் உக்காரு.”

வெளியே கூடாரத்துப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தவன், வாய்க்கரிசி போட்டு முடிவதற்குள் வாய் பிளந்து தூங்கிவிட்டான். உடலைத் தூக்கியபோது எழுந்த ஓலத்திலும் அசையவில்லை. அவன் மடியில் போன் அடித்து அடித்து ஓய்ந்தது. யாரும் எழுப்பவில்லை.

வீட்டைக் கழுவிவிட்டுத் தலைமுழுகிய ஈரத்தோடு அம்மா வந்தாள். அப்பாவின் கால்மாட்டில் வைத்திருந்த மின்விசிறியைத் தூக்கிக்கொண்டு போய், குகன் பக்கம் திருப்பி வைத்தாள்.

“மணி என்னடி?”

“நாலரை மா.”

“அஞ்சுக்குள்ள அழுத்தணும்னு சொன்ன?”

தாமரை சாவி இருந்த பையை மடியில் வைத்துவிட்டுப் போனை எடுத்தாள்.