சக்கை வந்த நாள்

இன்பராணி சவப்பெட்டியின் தலைமாட்டில் மெழுகுவர்த்தியை மாற்றிக்கொண்டிருந்தபோது பின்சந்தில் லோரி பின்னோக்கி வரும் சத்தம் கேட்டது. அதற்கு முன்பே வாடை வந்துவிட்டது. செபமாலை சொல்லிக்கொண்டிருந்த பெண்கள் முந்தானையை மூக்கருகே கொண்டுபோனார்கள். செபம் மட்டும் நிற்கவில்லை.

செம்பனை ஆலைச் சக்கை. எண்ணெய் பிழிந்தபின் மிஞ்சும் கறுத்த சேறு, தோட்டத்துக்கு உரம். சனிக்கிழமை அவள் கணவர் சந்தனசாமி இதற்காகத்தான் காத்திருந்தார்.

அவள் சமையலறை வழியாக வெளியே போனாள்.

ஓட்டுநர் லெட்சுமணன் தலையை நீட்டினான். "என்னக்கா, வாசல்ல கெனோபிப் பந்தல்லாம் போட்டிருக்கு. வீட்ல விசேஷமா? அண்ணன் எங்க?"

"உள்ள படுத்திருக்காரு."

"எழுப்புங்கக்கா. ரெண்டு நாளா லோரி ரிப்பேர் லா. இன்னைக்கு என்னைக் கொன்னுடுவாரு."

"பெட்டியில படுத்திருக்காருடா."

அவன் இஞ்சினை அணைத்தான். "அலமாக், ஐயோ" என்றான், தனக்குள்.

"சனிக்கிழமை வர்றேன்னு சொன்னியா இல்லியா?" அவள் குரல் உள்ளே வரைக்கும் கேட்டிருக்கும். "காலையிலயே நெஞ்சு வலிக்குதுன்னாரு. வாங்க, குளுவாங் ஆஸ்பத்திரிக்குப் போலாம்னேன். லோரி வரும், எடம் காட்டணும்னாரு. மத்தியானம் வரைக்கும் வெயில்ல நின்னாரு. நீ வரல."

வீட்டுக்குப் பின்னால், பெரிய கரண்டுக் கம்பிகளுக்குக் கீழே, பயத்தங்காய்க் கொடிகள் கழிகளில் ஏறி நின்றன. அங்கேதான் அவரைக் கண்டாள். ஒரு கழியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

முதல் தடவை சக்கையைப் பச்சையாகவே கொட்டினார். கொடி இலையாய்த் தள்ளியது, காய் பிடிக்கவில்லை. "சாமி, இலை என்ன விலை?" என்று தாமான் குடியிருப்பு முழுக்கக் கேட்டார்கள். அதன்பிறகு சக்கையைக் குவித்து மூடி, மாதக்கணக்கில் மக்கவிட்டு, ஆலைக் கொதிகலனின் சாம்பலைக் கலந்து, அளவாகப் போட்டார். பயத்தங்காய் தனக்கு வேண்டியதில் பாதியைக் காற்றிலிருந்தே எடுத்துக்கொள்ளும், அதிகம் கொடுத்தால் சோம்பேறியாகிவிடும் என்பார். மண்ணை விரலால் பொடித்துக்கொண்டே சொல்வார். கட்டியாகக் கிடந்தால் வேர் மூச்சுவிடாதாம். சாப்பாட்டுத் தட்டின் முன்னாலும் இதே பேச்சு. சோறு ஆறுது, சாப்பிடுங்க என்பாள் அவள்.

கொழுந்தன் சவரிநாதன் வேட்டியை மடித்துக் கட்டியபடி ஓடிவந்தான்.

"யேய், எடு லோரிய! பாதர் வர்ற நேரம். அண்ணி, நீங்க உள்ள போங்க. இந்தக் கழிவுதான் அண்ணனச் சாகடிச்சிச்சு. நாளைக்கே ஆள் விட்டு எல்லாத்தையும் புடுங்கிப் போட்டுடுறேன். குப்பையக் கட்டிக்கிட்டு அழுவாதன்னு எத்தனை தடவ சொன்னேன். கேட்டாரா மனுசன்?"

இரண்டு நாளாக அவள் மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்ததும் இதுதான். ஏறக்குறைய இதே வார்த்தைகள். அவன் வாயில் கேட்டபோது உடம்பு பற்றி எரிந்தது.

"இந்தக் குப்பையில வெளஞ்சதத்தான் போன வாரம் ரெண்டு பை நிறையத் தூக்கிட்டுப் போனீங்க தம்பி."

"அண்ணி, நான் அதுக்குச் சொல்லல..."

"அவர நான் திட்டுவேன். நீங்க திட்டாதீங்க."

சவரிநாதன் தலைக்கு மேலே கரண்டுக் கம்பிகளைப் பார்த்தான்.

லெட்சுமணன் இறங்கி வந்து தொப்பியைக் கழற்றினான். "சனிக்கிழமை போன் பண்ணேன்கா. எடுக்கல. முன்னயே சொல்லியிருந்தாரு, நான் இல்லன்னா என் வீட்டுக்காரியக் கேளு, எடம் அவளுக்குத் தெரியும்னு."

"அப்படியா சொன்னாரு?"

"ஆமாக்கா."

"அப்ப எதுக்கு நின்னாரு?"

அவள் சவரிநாதனைப் பார்த்தாள். "எனக்குத் தெரியும்ல. அப்ப எதுக்கு நின்னாரு அந்த ஆளு?"

உள்ளே செபம் முடிந்து பாட்டு தொடங்கியது.

அவள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வேலி ஓரம் போனாள். அவர் சனிக்கிழமை சுத்தம் செய்து வைத்திருந்த இடம். புல் வெட்டிய தடம் இன்னும் காயவில்லை.

"பின்னால வா," என்று கையசைத்தாள். "இன்னும் வா. கழி மேல ஏத்தின, தொலைச்சிடுவேன். போதும். கொட்டு."

சக்கை ஆவி பறக்கச் சரிந்தது. மழைக்குக் கரைந்துவிடாமல் தார்ப்பாயை அவளே இழுத்து மூடினாள். நான்கு மூலையிலும் கல் வைத்தாள். வாசலில் பாதரின் கார் வந்து நின்றது.

கையைக் கழுவச் சொன்னார்கள். கழுவினாள். வாடை போகவில்லை.

கல்லறையில் பாதர் தீர்த்தம் தெளித்து ஒதுங்கினார். முதல் பிடி மண்ணை அவள் போடவேண்டும். சவரிநாதன் குனிந்து எடுத்துக் கொடுத்தான். மஞ்சள் களிமண், கல்லாக இறுகிய கட்டி.

அவள் போடவில்லை. கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். ஓரம் உடைந்தது. அதை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தாள்.

"அண்ணி, போடுங்க," என்றான் சவரிநாதன் மெதுவாக.

பின்னால் வரிசை நீண்டிருந்தது. யாரோ இருமினார்கள். கட்டி இன்னும் பாதி இருந்தது.