ஆளரவமற்ற பள்ளத்தாக்கு

“அதான் கேக்கறேன் அண்ணி, அப்ப நான் யாரு? ஆளில்லையா? மரமா, மட்டையா?”

“என்கிட்ட ஏண்டி கத்தற? எனக்குத்தான் கேக்குதே. கேக்காதவங்ககிட்டப் போய்க் கத்து.”

“கேக்காதவங்ககிட்டக் கத்தி என்ன பிரயோஜனம்?”

“அதுவும் சரிதான்” என்று சொல்லிவிட்டு, விசில்காரியின் நாத்தனார் வெடித்த குதிகாலில் மெழுகைத் தேய்த்துக்கொண்டாள்.

அந்த வாரம் வியாழக்கிழமை காலை பத்தரை மணியிலிருந்து, அந்தப் பள்ளத்தாக்கில் பிறந்தவர்கள் எழுப்பிய எந்தச் சத்தமும் கணவாய்க்கு அப்பால் பிறந்தவர்களின் காதில் விழவில்லை. பேச்சு, இருமல், செருப்புச் சத்தம், விறகில் கோடரி இறங்குவது, எதுவுமே விழவில்லை. பள்ளத்தாக்குக்காரர்களுக்குள் எல்லாம் பழையபடியே கேட்டது. மணி இவ்வளவு துல்லியமாகத் தெரிந்ததற்குக் காரணம் தபால்காரர். அவர் கீழே நகரத்துக்காரர். ஒரு வீட்டு வாசலில் பதிவுத்தபாலுக்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தபோது, வீட்டுக்காரர் “இந்தப் பேனா எழுத” என்று சொன்னது அவருக்குக் கேட்டது, “மாட்டேங்குது” கேட்கவில்லை. அவர் காதைத் தட்டிப் பார்த்தார், பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வெளியூர்களிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்திருந்த ஏழு மருமகள்களுக்கும் அதே நிமிடத்தில் மாமியார் குரல் நின்றுபோயிருந்தது. ஏழு பேரில் ஒருத்திகூட நான்கு நாட்களுக்கு அதைப்பற்றி மூச்சுவிடவில்லை.

காரணம் ஞாயிற்றுக்கிழமை பேருந்தில் வந்து சேர்ந்தது. நகரத்துப் பயண இதழ் ஒன்று, மலைப் பள்ளத்தாக்குகளின் அமைதியான அழகைக் கண்டுபிடிப்போம் என்று ஏழு பள்ளத்தாக்குகளைப் பற்றி எழுதியிருந்தது. இவர்களுடையது மூன்றாவது. ‘ஆளரவமற்ற இந்தப் பள்ளத்தாக்கில்’ என்று தொடங்கி, மூடுபனி, ஓடை, பாசி படிந்த கூரைகள் என்று இரண்டு பக்கம் போயிருந்தது. அந்த இதழ் நகரத்துக் கடைகளில் வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்குத் தொங்கவிடப்பட்டது. எழுதியவன் வசந்தத்தில் இரண்டு நாள் நாத்தனார் வீட்டு மாடியில்தான் தங்கியிருந்தான். நாய்கள் தூங்கவிடவில்லை என்று குறைகூடச் சொல்லியிருந்தான். “ஆளரவம் இல்லையாம்! அப்ப ரெண்டு நாளும் வெந்நீர் வச்சுக் குடுத்தது பேயா? அப்புறம் இவன் எதைக் கண்டுபிடிச்சான்? காணாமப் போனாத்தானே கண்டுபிடிக்கணும்?” என்று நாத்தனார் கேட்டது மூன்று மலை தாண்டிக் கேட்டிருக்க வேண்டும். அவளுக்கு ஒலிபெருக்கி என்று பட்டப்பெயர். ஆனால் கணவாயில் நின்றுகொண்டிருந்த முதல் சுற்றுலா வண்டியில் இருந்தவர்கள், ஆகா, என்ன நிசப்தம் என்று பேசிக்கொண்டார்கள்.

ஊரே கோபப்பட்டது. ஆனால் மற்றவர்களுக்குப் போனது மரியாதை மட்டும். விசில்காரிக்குப் போனது வேலை. நகரத்திலிருந்து வரும் சாலை நான்காவது வளைவில் ஓர் உளுத்த பாறைச்சரிவின் கீழாகத் திரும்புகிறது. வளைவுக்கு எதிரே, நடுவில் ஒரு பிளவைவிட்டு, தகரக் கொட்டகை ஒன்றில் அவள் சரிவைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். பெரிய கல் வருமுன் பொடிக்கல் உதிரும். தட்டில் பயறு கொட்டுவதுபோல் ஒரு சத்தம். அதிலிருந்து நாற்பது எண்ணுவதற்குள் கல் சாலைக்கு வந்துவிடும். நீளமாக ஒரு விசில் என்றால் நில், குட்டையாக இரண்டு என்றால் ஓடு. சாலைத் துறையின் வேலை அது. பத்தொன்பது வருடங்களில் இருநூற்றுக்கும் மேற்பட்ட கற்கள் விழுந்திருந்தன. ஓர் உயிர்மேல்கூடப் பட்டதில்லை. சனிக்கிழமைகளில் வீட்டுக்கு வரும் அவள் கணவன், தூக்கத்தில் அவள் புரண்டு படுத்தால்கூட எழுந்து ஓடுவான், அவ்வளவு பழக்கம்.

இதழ் வந்த மாதமே வண்டிகள் சாரிசாரியாக வந்தன. வந்தவர்கள் எல்லாரும் நான்காவது வளைவில் இறங்கினார்கள், ஏனென்றால் பள்ளத்தாக்கு முழுசாகத் தெரிவது சரியாக அங்கிருந்துதான். ஊருக்குள்ளும் நுழைந்தார்கள். சத்தம் வராத ஆளை யாரும் ஆளாக எண்ணுவதில்லை என்பதை ஊர் அப்போது கற்றுக்கொண்டது. அடுப்படிக்குள் வந்து நின்று ஜன்னல் வழியே படம் எடுத்தார்கள். முடிதிருத்துபவர் ஒருவருக்குப் பாதித் தலை முடித்திருந்தபோது, அந்தத் தலையை நகர்த்திவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டாள் ஒரு பெண். விசில்காரி ஊதினாள், அவர்களுக்குக் கேட்கவில்லை. சிவப்புத் துணியை ஆட்டினாள். அவர்களும் பதிலுக்குக் கையை ஆட்டினார்கள். கன்னம் உப்ப விசிலை வாயில் வைத்தபடி அவள் நிற்கும் படம், இயற்கையோடு இயற்கையாய் என்ற தலைப்போடு எங்கோ அச்சாகியும் வந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை, பட்டப்பகல் பதினொரு மணிக்கு, புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி வளைவில் நின்றிருந்தபோது பயறு கொட்டியது. விசில்காரி உதடு கிழிகிற வரை ஊதினாள். ஊதிக்கொண்டே பிளவைச் சுற்றி ஓடி, பெண்ணின் கையைப் பிடித்து இழுத்து ஓரத்தில் தள்ளினாள். மாப்பிள்ளை கேமரா தாங்கியை எடுக்கத் திரும்பினான். டிரங்குப் பெட்டி அளவு கல் வந்தது. அவனுடைய வலது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது.

மறுநாள் செய்தித்தாள்களில், எச்சரிக்க ஓர் ஆளில்லை என்று வந்தது. விசாரணை அதிகாரி வந்து, பள்ளிக்கூடத்தின் குட்டி பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து, “சொல்லுங்கம்மா” என்றார். அவள் நாற்பது நிமிடம் சொன்னாள். அவர் மேலதிகாரிக்கு, சாட்சி மௌனம் சாதித்தார் என்று எழுதினார். அவள் நான்கு பக்கம் எழுதிக் கொடுத்தாள். எழுத்து வாக்குமூலத்தைச் சாட்சியே உரக்க வாசித்துக் காட்டினால்தான் செல்லும் என்று அதைத் திருப்பிக் கொடுத்தார். வளைவில் அன்று நின்றிருந்த பதினான்கு பேரும் விசில் கேட்கவில்லை என்று சத்தியம் செய்தார்கள். பொய்யுமில்லை. அடுத்த மாதம் முதல் தேதியோடு கொட்டகையைப் பூட்டிவிடும்படி உத்தரவு வந்தது. பூட்டினால் சரிவை யார் கேட்பது என்று உத்தரவில் இல்லை.

அவள் அந்த இதழைச் சுருட்டி எடுத்துக்கொண்டு நகரத்துக்குப் போனாள். நடத்துநரிடம் விரலைக் காட்டிச் சீட்டு வாங்கினாள். இதழ் அலுவலகம் மூன்றாவது மாடியில் இருந்தது. ஆசிரியர் அவள் எழுதி நீட்டிய தாளைப் படித்துவிட்டு, அடுத்த மேசையைப் பார்த்துச் சிரித்தார். “அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் சார் ஜனம் போகுது. அதைப் போய் எடுக்கச் சொல்றாங்க. ஊமைப் பொம்பள, பாவம், தண்ணி குடுத்து அனுப்புங்க.” அவள் அவரை எத்தனை விதமாகத் திட்டமுடியுமோ அத்தனை விதமாகவும் திட்டினாள். மின்விசிறிச் சத்தத்தில் யாரும் தலை நிமிரவில்லை.

படிக்கட்டில் இறங்கும்போது, கனத்த மூக்குக்கண்ணாடி போட்ட ஒருவர் மூச்சிரைக்கப் பின்னாலேயே வந்தார். மெய்ப்புப் பார்ப்பவர். “அம்மா, எழுதினவர்மேல தப்பில்லம்மா. அவர் ‘ஆரவாரமற்ற’ன்னுதான் எழுதியிருந்தார். சந்தடி இல்லாத ஊர், அவ்வளவுதான். வரி ஒரு துணைக்கால் அளவு வழிஞ்சு அடுத்த வரிக்குப் போச்சு. ஒரு துணைக்காலைக் குறைக்கணும். ‘ஆளரவமற்ற’ன்னு மாத்தினேன். பார்க்கவும் லட்சணமா இருந்துச்சு. ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணுதானேன்னு நெனச்சுட்டேன்.”

அவள் மாடிப்படிச் சுவரில் தாளை வைத்து எழுதினாள்: நீங்க மிச்சம் பிடிச்ச துணைக்காலுக்கு ஒருத்தன் கால் போச்சு.

அவர் அதை வழக்கப்படி இரண்டு முறை வாசித்தார். பிழை இருக்கவில்லை. அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டார். ஆசிரியருக்குத் தெரியாமல், கடைசிப் பக்கத்தில், முடி உதிர்வு எண்ணெய் விளம்பரத்துக்குக் கீழே, எறும்பு சைஸில் ஒரு வரியைச் சேர்த்துவிடுவதாகச் சொன்னார். சொன்னபடி செய்தார்: சென்ற இதழில் ‘ஆளரவமற்ற’ என்றிருப்பதை ‘ஆரவாரமற்ற’ என்று திருத்தி வாசிக்கவும்.

திருத்தம் வெளியான வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்குத் தபால்காரருக்கு ஆட்டுக்காரர் தும்மியது கேட்டது. சைக்கிளைப் போட்டுவிட்டு ஆட்டுக்காரரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். ஊர் முழுக்க வாசலுக்கு வந்து ‘ஓ’ என்று கத்தியது. கத்திய பிறகுதான் தெரிந்தது, அந்த ‘ஓ’ பூனை நடப்பதுபோல வந்தது. மறுபடி கத்தினார்கள், மறுபடியும் பூனைதான். சொல் என்ன சொன்னதோ அதையே செய்தது: ஆள் இருந்தது, அரவம் இருந்தது, ஆரவாரம் மட்டும் இல்லை. கல்தச்சரின் சுத்தியல் வெண்ணெயில் விழுவதுபோல் விழுந்தது. நாய்கள் தொண்டையைச் செருமிக்கொள்வதுபோல் குரைத்தன. இந்த முறை வெளியாள், உள்ளாள் என்ற பேதமில்லை. எல்லாக் காதுக்கும் ஒரே மாதிரிதான். நாத்தனாருக்குத்தான் கஷ்டம் அதிகம். அவள் வாயிலிருந்து “நாசமாப் போறவனே” என்பது குழந்தைக்குத் தாலாட்டுப் பாடுவதுபோல் வந்தது. திட்டு வாங்கியவர்கள் அருகில் வந்து, இன்னொரு தடவை சொல்லுங்க என்று கேட்டார்கள். அவள் கோபத்தில் அழுதாள். அழுகையும் வெகு பதவிசாக இருந்தது.

வந்தவர்கள் சொக்கிப்போனார்கள். எவ்வளவு சாந்தமான ஜனங்கள், முகத்தில் அடித்தாற்போல் ஒரு வார்த்தை உண்டா என்று எழுதினார்கள். வண்டிகள் இரட்டிப்பாயின. ஓடையில் எச்சில் தட்டுகளைப் போட்டவர்களை ஊர் வரிசையாக நின்று ஏசியது. அவர்கள் அதை வரவேற்பு என்று நினைத்துக் கைகூப்பினார்கள். விசாரணை அதிகாரி மீண்டும் வந்தார். விசில்காரி அவரிடம் இன்னொரு நாற்பது நிமிடம் பேசினாள். செய்தித்தாளை, பதினான்கு சாட்சிகளை, அதிகாரியை, அதிகாரியைப் பெற்றவர்களை, ஒருவரையும் விடவில்லை. அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். சாட்சி இனிமையாக உரையாடினார், எவர்மீதும் அவருக்கு மனத்தாங்கல் இல்லை என்று எழுதி, வேலையைத் திருப்பிக் கொடுத்தார். அவள் மறுபடியும் நகரத்துக்குப் போனாள். இப்போது வாயாலேயே பேசினாள். மெய்ப்புப் பார்ப்பவர் கையைப் பிசைந்தார். திருத்தத்துக்குத் திருத்தம் போடும் வழக்கம் எந்த இதழிலும் இல்லை, அதோடு இந்த முறை அச்சில் இருப்பது பிழையே இல்லையே என்றார்.

இது நடந்து ஆறு வருடமாகிறது. கணவாயில் இருக்கும் வரவேற்புப் பலகையில் அந்தச் சொல்லைப் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறார்கள். பிறக்கும் குழந்தை அழுகிறதா என்று மருத்துவச்சி அதன் வாயில் காதை வைத்துப் பார்க்கிறாள். சண்டைக்காரர்கள் கையால் சண்டை போடக் கற்றுக்கொண்டார்கள். விசில்காரியின் விசில் ஆறிப்போன கெட்டில் பெருமூச்சுவிடுவதுபோல் ஊதுகிறது. அதனால் அவள் கொட்டகையை விட்டுவிட்டு வளைவிலேயே நிற்கிறாள். வருபவர்களைத் தோளில் கைவைத்து ஒவ்வொருவராக நகர்த்துகிறாள். கல் வரும் என்கிறாள். அவள் குரலில் கல் வரும் என்பது, மழை வரும், விருந்து வரும் என்பதுபோல் இருக்கிறது. “வரட்டும்மா, வரட்டும்” என்று சிரிக்கிறார்கள். சிலர் அதை அவ்வூர் வணக்கம் என்று நினைத்து, கல் வரும் என்று அவளுக்கே திருப்பிச் சொல்கிறார்கள். இந்த ஆறு வருடத்தில் நாலு பேருக்கு அடிபட்டிருக்கிறது. நாலு பேரின் பெயரும் அவளுக்குத் தெரியும்.

நேற்றுக் காலை பனி விலகிய நேரம், கொட்டகையில் மழைக்கோட்டை எடுக்க அவள் போயிருந்தாள். அதற்குள் வளைவில் ஒரு வண்டி நின்றது. ஒரு பெரியவர் இறங்கி, மனைவியையும் மகளையும் தடுப்புச் சுவரில் சாய்ந்து நிற்கச் சொல்லிவிட்டு, எதிரே பாறைக்கு முதுகைக் காட்டி நின்று படம் எடுக்கத் தயாரானார். சரிவில் பயறு கொட்டியது. ஆறு வருடம் மூத்துப்போன காலுக்கு, பிளவைச் சுற்றி ஓட நாற்பது போதாது என்று அவளுக்குத் தெரியும். அவள் பிளவின் விளிம்புக்கு வந்தாள். பத்து எண்ணும்வரை ஊதினாள். மகள் அண்ணாந்து, ஏதோ பறவை என்றாள். பிறகு விசிலைத் துப்பிவிட்டு, ஆறு வருடக் கோபத்தையும், ஆசிரியர்மேல், அதிகாரிமேல், அந்தப் பலகைமேல் இருந்த கோபத்தையும் அடிவயிற்றிலிருந்து திரட்டி, கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினாள். அந்த அமைதியில் ஒவ்வோர் எழுத்தும் அவர்களுக்குத் துல்லியமாகக் கேட்டது. பெரியவர் கேமராவை இறக்கி, “பார்த்தியா, இந்த ஊர்ல எப்படிக் கெஞ்சிப் பேசறாங்க!” என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, இன்னொரு முறை கேட்பதற்காகத் தலையைச் சாய்த்துக்கொண்டார். முப்பத்தொன்று. அவள் மூச்சை இழுத்து மறுபடி கத்தினாள்.

“ஐயா, அங்கேருந்து கொஞ்சம் தள்ளி நில்லுங்களேன்.”