விடாமல் பாஸ்வேர்டு கேட்ட பெட்டி

சன்யங்காவின் கம்ப்யூட்டர் திரையில், மெயிலைத் திறந்ததும் அந்தச் சின்னப் பெட்டி மறுபடியும் வந்து நின்று பாஸ்வேர்டு கேட்டது. சரியானதைத்தான் கொடுத்தார். மறைந்தது. அவர் மூச்சு விடுவதற்குள் திரும்பி வந்து அதையே கேட்டது.

"பாரும்மா, இதுதான். ரெண்டு வருஷமா இப்படித்தான் நச்சரிக்குது."

"ரெண்டு வருஷமாவா? நீங்க என்ன பண்ணுவீங்க பாபா?" என்றாள் விம்பாய். முத்தாரே ஊர்ச் சந்தையில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருப்பவள். அவர் கூப்பிட்டதால் வீட்டுக்கே வந்திருந்தாள்.

"கேன்சல அமுக்குவேன். போயிடும். நம்ம ஊர்ல கரண்ட் எப்ப வரும், நெட் எப்ப வரும்னு யாருக்குத் தெரியும்? லைன் சரியில்லன்னு விட்டுட்டேன்."

அவரைக் குறை சொல்லவும் முடியாது. அந்த ஊரில் சோறு வேகாவிட்டாலும் மின்வெட்டு, பிள்ளை தூங்காவிட்டாலும் மின்வெட்டுதான் காரணம். பெட்டியை மூடினால் பழைய கடிதங்கள் எல்லாம் உள்ளே வரிசையாக இருந்தன. அதனால் மெயில் நன்றாகத்தான் இருக்கிறது, தமக்குத்தான் யாரும் எழுதுவதில்லை என்று நினைத்துக்கொண்டார். யாரும் என்றால் ஒருத்திதான். மகள் செனாய்.

செனாய் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் ஒருவனோடு டர்பனுக்குப் போய்விட்டவள். பெண்ணின் கல்யாணப் பேச்சை அப்பன் காதில் அத்தைதான் போட வேண்டும், அதுதான் முறை. அவள் அத்தையிடமும் வாய் திறக்கவில்லை. சன்யங்காவுக்கு மூக்குக்கு மேல் கோபம். "அத்தை மூலமா சொல்லி அனுப்பட்டும். அதுவரைக்கும் இந்த வீட்ல அவ பேச்சே கூடாது" என்று தங்கை லோவிஸாவிடம் சொல்லிவிட்டார். பிடிவாதத்தில் அந்தக் குடும்பத்தில் யாரும் யாருக்கும் இளைத்தவர்கள் இல்லை.

போன மாதம் செனாய் பிரசவத்தில் செத்துப்போனாள். குழந்தையும் தங்கவில்லை. அடக்கத்தன்று அவள் புருஷன் லோவிஸாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். "அப்பாவுக்கு எத்தனை மெயில் போட்டா தெரியுமா அத்தை? ஒண்ணுக்கும் பதில் இல்ல."

லோவிஸா அத்தனை பேர் முன்னாலும் அண்ணனைப் பிடிபிடியென்று பிடித்தாள். "நீயெல்லாம் மனுஷனா?"

"எனக்கு ஒண்ணும் வரல லோவிஸா. நான்தான் மனசு கேக்காம எழுதினேன். அவதான் பதில் போடல."

"செத்தவ மேல பழி போடாத."

அன்றிலிருந்து ஒரே வீட்டில் இருந்துகொண்டு அவள் அவரோடு பேசுவதில்லை. சாட்ஸாக் களியையும் கீரையையும் மேசையில் வைத்துவிட்டுப் போய்விடுவாள். செத்த பெண்ணின் சாமான்கள் முறைப்படி பிறந்த வீட்டுக்கு வந்து சேர்ந்திருந்தன. அதில் இருந்த செனாயின் போனுக்கு சார்ஜ் போட்டு, வீட்டு நெட்டில் இணைத்து, அடுத்த அறையில் உட்கார்ந்து அதிலுள்ள போட்டோக்களைப் பார்த்து அழுதுகொண்டிருப்பாள். இப்போதும் அங்கேதான் இருந்தாள்.

சன்யங்காவுக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். மகள் எழுதினாளா? எழுதியிருந்தால், பதிலுக்குக் காத்திருந்தே செத்திருக்கிறாள். எழுதவில்லை என்றால், அவரை மன்னிக்காமலே செத்திருக்கிறாள். எது தேவலை என்று அவருக்கே விளங்கவில்லை.

"உங்க பாஸ்வேர்டு தப்பில்ல பாபா," என்றாள் விம்பாய். "மெயில்காரன் விதிய மாத்திட்டான். இந்த மாதிரி பழைய புரோகிராம் வெறும் பாஸ்வேர்டோட போய் நின்னா உள்ள விடமாட்டான். வெப் பக்கமா போய், உங்க போனுக்கு வர்ற நம்பரக் காட்டி, இதுக்குன்னே தனியா ஒரு பாஸ்வேர்டு வாங்கணும்."

"அப்ப எனக்கு வந்ததெல்லாம்?"

"எங்கயும் போகாது. அவன்கிட்டயேதான் இருக்கும். வெப்லயே இப்பத் திறந்து காட்டவா?"

"வேண்டாம்மா. என் புரோகிராம்லயே வரட்டும்."

பயத்தைக் கொஞ்ச நேரம் தள்ளிப்போட அது ஒரு சாக்கு. விம்பாய்க்கும் அது புரிந்தது. வேலையைப் பார்த்தாள்.

போனுக்கு வந்த நம்பரை அவர் தடுமாறித் தடுமாறிப் படித்தார். புதிய பாஸ்வேர்டு ஒன்று நீளமாக வந்தது. அதைப் புரோகிராமில் போட்டதும் பெட்டி மறைந்தது. இருவரும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். திரும்பி வரவில்லை.

கடிதங்கள் கொட்ட ஆரம்பித்தன. விளம்பரம், பென்ஷன் அறிவிப்பு, தேவாலயச் செய்தி. நடுவில் செனாய். அப்புறம் செனாய். மறுபடி செனாய். கடைசியாக வந்ததை அவரே திறந்தார்.

'அப்பா, அத்தைகிட்ட போய் நிக்க வெக்கமா இருக்கு. அதான் உங்களுக்கே எழுதிட்டிருக்கேன். பொண்ணு பொறந்தா அம்மா பேர் வைக்கட்டுமா? சரின்னு ஒரு வார்த்தை போடுங்க. அது போதும்.'

அவர் வாயைப் பொத்திக்கொண்டார். இரண்டு வருடமாகத் தாம் அமுக்கிய கேன்சல் ஒவ்வொன்றும் அவள் முகத்தில் கதவைச் சாத்தியதுதான் என்று தோன்றியது. வாய்விட்டு அழுதார்.

விம்பாய் அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் திரையின் அடிப்பக்கம் பார்த்தாள். 'ஒரு கடிதம் அனுப்பப்படுகிறது' என்றிருந்தது.

"பாபா, நீங்க எப்பவோ எழுதினது ஒண்ணு போகாமலே நின்னிருக்கு. நிறுத்தவா..."

அவள் மவுஸைத் தொடுவதற்குள் அது போய்விட்டது. அடுத்த அறையில் ஒரு போன் ஒலித்தது.

பிறகு செனாயின் போனைக் கையில் வைத்துக்கொண்டு லோவிஸா வாசலில் வந்து நின்றாள். திரையில் இருந்ததை மெதுவாக வாசித்தாள்.

"'செனாய், அத்தை மூலமா வரவேண்டாம். எனக்குக் கோவம் போயிடுச்சு. நேரா வீட்டுக்கு வா. அப்பா.'"

"எழுதினேன்னு சொன்னேனே லோவிஸா," என்றார் அவர்.

"ஆமாண்ணா. சொன்ன. நான்தான் நம்பல." ஒரு மாதத்துக்குப் பிறகு அவள் அவரோடு பேசினாள். பக்கத்தில் வந்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரைப்பக்கம் திரும்பினார். மகளின் கடிதத்துக்குக் கீழே பதில் எழுதும் இடத்தைத் திறந்தார். ஒரு விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடித் தட்டினார். 'சரிம்மா. வை.'

அனுப்பினார். லோவிஸாவின் கையிலிருந்த போன் மறுபடியும் ஒலித்தது.