அந்த வாரத்து இருபத்து நான்கு

தொலைநோக்கி உலகத்தின் மறுபக்கத்தில் இருந்தது. அங்கே இரவு என்றால் இங்கே பகல். அதனால், நட்சத்திரம் பார்க்கிற வேலை என்று பேருக்குச் சொன்னாலும், அவள் காலை எட்டரைக்குச் சாப்பாட்டுப் பையோடு பஸ் ஏறி, மாலை ஆறு மணிக்கு வீடு திரும்புகிறவள்தான். பதினோரு வருடமாக அதே மூன்றாம் மாடி, அதே ஜன்னலோர மேசை, ஒரு பக்கம் சாய்ந்தே போய்விட்ட அதே நாற்காலி.

தொலைநோக்கி வானத்தின் ஒரு துண்டை இன்று படம் எடுக்கும். சில நாள் கழித்து அதே துண்டை மறுபடி எடுக்கும். ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் புதிதாக வந்த புள்ளிகள் மட்டும் மிஞ்சும். முக்கால்வாசி குப்பை: கேமராவின் கோளாறு, குறுக்கே போன செயற்கைக்கோள். மிச்சத்தில் சில சூப்பர்நோவாக்கள், அதாவது எங்கோ ஒரு கேலக்ஸியில் வெடித்துச் சாகிற நட்சத்திரங்கள். அப்படிச் சந்தேகப்படும் புள்ளியின் ஒளியை இன்னொரு பெரிய தொலைநோக்கியில் நிறம் நிறமாகப் பிரிப்பார்கள். மேடும் பள்ளமுமாக வரும் அந்த நிறமாலையைப் பார்த்து, வெடித்தது எந்த வகை என்று சொல்வது அவள் வேலை. சிலிக்கானுக்குரிய பள்ளம் அதற்கான இடத்தில் இருந்தால் ‘ஒன்-ஏ’. எல்லோருக்கும் வேண்டியது அந்த வகைதான். அவை ஏறக்குறைய ஒரே பிரகாசத்தில் வெடிப்பதால், எவ்வளவு மங்கலாகத் தெரிகிறது என்பதை வைத்தே தூரத்தைக் கணக்கிட்டுவிடலாம்.

ஆறு வருட ஆய்வு முடிந்திருந்தது. முந்நூற்றுப் பதினெட்டு ஒன்-ஏக்கள் கொண்ட பட்டியலை அந்த வாரக் கடைசியில் மூடி வெளியிட வேண்டும். எதைக் கேட்டாலும் “வெள்ளிக்கிழமைக்குள்ள” என்று சொல்வதால் ஆபீசில் தலைவருக்கு வெள்ளிக்கிழமை என்றே பட்டப்பெயர். அவருக்கும் தெரியும், கண்டுகொள்ள மாட்டார்.

“அக்கா, கடைசியா ஒரு தடவை மேலோட்டமா பாத்துடுங்க. பேருக்குத்தான்” என்றார் திங்கட்கிழமை காலையில். அவளைவிட மூன்று வயது பெரியவர். ஆனாலும் அங்கே எல்லோருக்கும் அவள் அக்காதான்.

அவளும் பேருக்குத்தான் ஆரம்பித்தாள். மத்தியானத்துக்குமேல் கண் எரிந்தது. வரைபடங்கள் ஒன்றுபோலவே ஓடின. இருநூற்று ஏழாவதில் கை நின்றது.

நானூற்று முப்பது கோடி வருடத்துக்கு முன் கிளம்பிய ஒளி அது. அவ்வளவு தூரத்திலிருந்து வரும்போது சிலிக்கான் பள்ளம் சிவப்பு ஓரத்துக்குத் தள்ளப்பட்டுவிடும். நம் வானம் தானே விடுகிற மங்கலான ஒளியின் கோடுகள் நெருக்கியடித்து நிற்கிற இடம் அது. அந்தக் கோடுகளைக் கழித்த பிறகுதான் எதையும் படிக்க முடியும். இதில் யாரோ அரைகுறையாகக் கழித்திருந்தார்கள். மிஞ்சிய பிசிறு பள்ளம்போலத் தெரிந்தது. அவள் மறுபடி கழித்தாள். பள்ளம் காணாமல் போனது. இது ஒன்-ஏ அல்ல, வேறு வகை.

வகைப்படுத்தியவர் என்ற இடத்தில் அவள் பெயரே இருந்தது. தேதியைப் பார்த்தாள்.

நான்கு வருடத்துக்கு முன், அவள் மகள் ஐந்து வயதில் நுரையீரல் காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் கிடந்த வாரம். பிள்ளையின் கட்டிலுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு அந்த வாரத்து வேலையை முடித்தாள். லீவு கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள். கேட்கத் தோன்றவில்லை. அந்த வாரத்தில் மொத்தம் இருபத்து நான்கு நிறமாலைகள்.

மறுநாள் தலைவரிடம் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“ஒண்ணுதானே? எடுத்துடுங்க. முந்நூத்திப் பதினேழு.”

“அந்த வாரம் முழுக்கப் பாக்கணும். இருபத்தி நாலையும்.”

“எத்தனை நாளாகும்?”

“ஒவ்வொண்ணையும் முதல்லேர்ந்து கழிச்சு எடுக்கணும். ஒரு வாரம், பத்து நாள்.”

“அக்கா, வெளியீட்டுத் தேதி சொல்லியாச்சு. முந்நூத்துல ஒண்ணு ரெண்டு தப்பு எந்தப் பட்டியல்லயும் இருக்கும். அதுக்கும் சேத்துத்தான் பிழை அளவு போட்டிருக்கோம்.”

“தெரியாத தப்புக்குத்தான் பிழை அளவு. இது தெரிஞ்ச தப்பு.”

அவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். வேண்டாம் என்று சொல்லவில்லை. அவள் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

அவள் கணவர் ஆஸ்பத்திரி வார்டில் நர்ஸ். அன்று சாயங்காலம் அவர் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் முடித்துவிட்டு வந்து, துவைத்த துணிகளைக் கட்டிலில் கொட்டி மடித்துக்கொண்டிருந்தார். இருவரில் யார் அதிகம் களைத்தவர் என்று போட்டி வைத்தால் தீர்ப்பு சொல்வது கஷ்டம்.

“யாரும் கண்டுபிடிக்க மாட்டாங்கன்னா விட்டுடேன்” என்றார்.

“நீங்க மருந்து மாத்திக் குடுத்துட்டீங்கன்னு நாலு வருஷம் கழிச்சுத் தெரிஞ்சா விட்டுடுவீங்களா?”

“அது ஆள் உயிருடி.”

“இதுல ஆளே இல்லையே. வந்து கேக்கவும் நாதியில்ல.”

அவர் மகளின் ஒற்றைச் சாக்ஸுக்கு ஜோடி தேடினார். பிறகு, “அந்த வாரம் நானும்தான் இருந்தேன். உன் கையிலேர்ந்து லேப்டாப்பைப் புடுங்கி வச்சிருக்கணும். எனக்கும் தோணல” என்றார். கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்த மகள், “என்னாலயா தப்பாச்சு?” என்றாள். இருவரும் ஒரே குரலில் “இல்ல” என்றார்கள். அவசரமாகச் சொன்னதால் மகள் நம்பவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது.

வெள்ளிக்கிழமை வந்தது, போனது. பட்டியல் மூடப்படவில்லை. தலைவர் வராந்தாவில் எதிர்ப்பட்டால் கைபேசியைப் பார்த்தபடி தாண்டிப் போனார். அவள் ஒரு நாளைக்கு மூன்று, முடிந்தால் நான்கு என்று பார்த்தாள். இரவு படுத்தால் கண்ணுக்குள்ளேயே மேடும் பள்ளமும் ஓடின. பதினெட்டாவதில் இன்னொரு தப்பு. அது சூப்பர்நோவாவே இல்லை. ஒரு கேலக்ஸியின் நடுப்பகுதி வெளிச்சம் சும்மா கொஞ்சம் கூடிக் குறைந்திருக்கிறது. இரண்டு போயிற்று. முந்நூற்றுப் பதினாறு.

இருபத்து மூன்றாவது, அவள் அன்று தள்ளிவிட்ட ஒன்று. “வெறும் கேலக்ஸி” என்று ஒரே வரியில் எழுதியிருந்தாள். கீழே, அந்த நிறமாலையை எடுத்தவரின் குறிப்பு: “தயவுசெய்து மறுபடி பாருங்கள். உள்ளே ஏதோ இருக்கிறது.” அதற்கும் கீழே அவள் பதில்: “பார்த்தாயிற்று.”

எடுத்தவரை நன்றாக நினைவிருந்தது. பெரிய தொலைநோக்கி இருக்கிற இடத்துக்கே போய், இரவு முழுக்கத் தண்ணீர்கூடக் குடிக்காமல் உட்கார்ந்திருப்பார் என்பதால் அவருக்கு ஒட்டகம் என்று பெயர். அடுத்த வருடம் ஒப்பந்தம் முடிந்து போய்விட்டார்.

பிறகு, வெடிப்பு அடங்கியிருந்த ஒரு சமயம், அந்தப் பகுதியிலிருந்த எல்லாக் கேலக்ஸிகளின் தூரத்தையும் அளந்தபோது, இதையும் தனியாக ஒருமுறை எடுத்து வைத்திருந்தார்கள். அவள் அதை இதிலிருந்து கழித்தாள். கேலக்ஸியின் வெளிச்சம் முழுக்க விலகியதும், அடியில் அகலமான, சுத்தமான ஒரு பள்ளம். வானத்துக் கோடுகள் தொடாத இடத்தில். சந்தேகத்துக்கே இடமில்லாத ஒன்-ஏ. அன்றே சொல்லியிருந்தால் இன்னும் ஐந்தாறு இரவு பின்தொடர்ந்திருக்கலாம். இப்போது அங்கே ஒன்றும் இல்லை.

ஒட்டகத்தின் நம்பரைத் தேடி எடுக்க அரைநாள் ஆனது. டிரைவிங் ஸ்கூலில் வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறாராம். போனில் முதலில் கேட்டதே, “கிளட்ச்! கிளட்ச்சை மிதிங்க சார்!” என்ற கத்தல்தான்.

அவள் யாரென்று சொன்னாள். “ஒரு நிமிஷம்” என்றார். வண்டி ஓரம் கட்டும் சத்தம், கதவு சாத்தும் சத்தம்.

“சொல்லுங்கக்கா.”

சொன்னாள். எந்த வாரம், எந்தக் கேலக்ஸி, என்ன ஆயிற்று என்று விவரமாக. மகளுக்கு உடம்பு சரியில்லாமல் இருந்ததைச் சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டாள்.



“அஞ்சு மணி நேரம் எக்ஸ்போஷர் குடுத்தேன்” என்றார். “அந்த ராத்திரி மேகம் வந்து வந்து போச்சு. கிடைச்ச நேரம் மொத்தத்தையும் அதுலயே போட்டேன். மறுநாள் எல்லாரும் திட்டுனாங்க, வெறும் கேலக்ஸிக்கு ஒரு ராத்திரியை வீணாக்கிட்டேன்னு.”

“தெரியும். நான் எழுதுனதாலதான்.”

“இப்ப சொல்லி என்னக்கா ஆகப்போகுது?”

“ஒண்ணும் ஆகாது. சொல்லாம இருக்க முடியல. தப்பு என்னோடது.”

அவர் மன்னித்தேன் என்று சொல்லவில்லை. கோபம் குரலில் அப்படியே இருந்தது. ஆனால் போனை வைக்கவும் இல்லை.

“பள்ளம் எங்க விழுது?” என்று கேட்டார்.

எண்ணைச் சொன்னாள்.

“நான் அன்னிக்கே கணக்குப் போட்ட இடந்தான்.” மூச்சு விடும் சத்தம் கேட்டது. “பட்டியல்ல என் பேரு வருமா?”

“முதல் பேரா வரும்.”

“எழுத்துப்பிழை இல்லாம போடச் சொல்லுங்க. போன கட்டுரையில நடுவுல ஒரு எழுத்தையே முழுங்கிட்டாங்க. சரி, வைக்கிறேன். அந்த ஆளு தானா வண்டிய எடுக்கப் பாக்குறாரு.”

ஒன்பது நாள் தாமதமாகப் பட்டியல் வெளியானது. முந்நூற்றுப் பதினேழு. அந்தத் தூரங்களை வைத்துப் போட்ட கணக்கின் முடிவில் மாறியது மூன்றாவது தசமத்தில் ஓர் எண் மட்டும். தலைவர் அவள் மேசைக்கு வந்து, “பாத்தீங்களா, பெருசா ஒண்ணும் மாறல” என்றார். “ஆமா” என்றாள். அவர் போகாமல் நின்றார். “என் பழைய வேலையில ஒரு பகுதி இருக்கு. என் அப்பா தவறிப்போன மாசத்துல நான் செஞ்சது. வெள்ளிக்கிழமைக்குள்ள வேண்டாம். உங்களுக்கு முடியறப்போ பாத்துத் தருவீங்களா?”

அவள் தலையசைத்தாள். ஒட்டகத்தின் பெயரை எழுத்தெழுத்தாக இன்னொரு முறை சரிபார்த்துவிட்டு, கணினியை அணைத்து, ஐந்து மணிக்கே கிளம்பினாள். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. தன் நிறுத்தம் போனது அவளுக்குத் தெரியாது. கடைசி நிறுத்தத்தில் கண்டக்டர் தோளருகே குனிந்து, “இறங்கலையாம்மா? பஸ் ஷெட்டுக்குப் போகுது” என்றபோதுதான் விழித்தாள். வெயில் இன்னும் இருந்தது. திரும்பிப் போகும் பஸ்ஸுக்கு இருபது நிமிடம் என்றார்கள். அவள் பெஞ்சில் உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டு, வீட்டுக்குப் போன் போட்டாள்.

“தூங்கிட்டேங்க” என்றாள்.

“நல்லது. இன்னும் கொஞ்சம் தூங்கிட்டு வா” என்றார் கணவர்.