உதறிவிட்டுப் போங்கள்

வெயில் ஏறுவதற்குள் பாதிக் குவியலையாவது அடித்து முடிக்க வேண்டும். அதனால் விடிகாலைத் தொழுகை முடிந்த கையோடு நிம்வாக்கா களத்துக்கு வந்துவிடுவாள். அன்றும் வந்தாள். கடற்காற்றில் இன்னும் ஈரம் இருந்தது. மலைபோல் கொட்டிக் கிடந்த நிறமரத்தின் காய்ந்த காய்களைச் சுற்றி அவளோடு சேர்த்துப் பன்னிரண்டு பெண்கள் தடியோடு நின்றார்கள். தடி இறங்கும்போதெல்லாம் முள்ளோடு வெடித்து, செக்கச்செவேலென்ற விதைகள் சிதறின. விதையின்மேல் ஒட்டியிருக்கும் அந்தச் செம்பூச்சுதான் சரக்கு. உள்ளே இருப்பது வெறும் கல். அடிக்க அடிக்கப் பூச்சு தூளாகப் பறந்து கண்ணிமையிலும் மூக்கிலும் நகக்கண்ணிலும், தலையோடு போர்த்தியிருந்த மேல்துணியிலும் படிந்தது. இருமித் துப்பினால் எச்சில்கூடச் செம்மஞ்சளாக விழும்.

"இதை யாருதான் திங்கிறாங்க?" என்று கேட்டாள் மெஜுமா. அவளுக்கு ஏழு மாதம். இரண்டு அடி அடித்தால் ஒரு முறை தடியில் சாய்ந்து மூச்சு வாங்குவாள்.

"வெள்ளைக்காரன் வெண்ணெயில போடுவானாம். வெண்ணெய் வெளுத்திருந்தா அவனுக்கு ரொட்டி எறங்காதாம்," என்றாள் ஒருத்தி.

"அப்போ என் எச்சிலையும் ஒரு டப்பால அனுப்பி வையுங்க. அதுவும் நல்ல நிறம்தான்."

பெண்கள் சிரித்தார்கள். சிரித்த வாய்க்குள் தூள் போனது, இருமினார்கள்.

இரண்டு மாதத்துக்கு முன்புவரை இந்தக் களத்துக்குத் தென்னங்கீற்றுக் கூரை இருந்தது. லாரி நிறுத்த இடம் வேண்டுமென்று முதலாளி நசோரோ அதைப் பிரித்துப் போட்டுவிட்டார். நிறமரத்தின் விதையை வெயிலில் போட்டால் வெயிலே நிறத்தைத் தின்றுவிடும். அந்தக் கரையோரத்தில் சிறு பிள்ளைக்கும் தெரிந்த விஷயம் அது. நிம்வாக்கா மூன்று முறை சொல்லிப் பார்த்தாள். மூன்று முறையும் அவர் தொலைபேசியில் பேசிக்கொண்டே தலையாட்டினார்.

போன வாரம் மொம்பாசாவிலிருந்து ஆள் வந்து சரக்கைச் சோதித்து, நிறம் குறைந்திருக்கிறது என்று சொல்லிவிட்டான். முதலாளி கூரையை நினைக்கவில்லை. பெண்களின் துணியை நினைத்தார்.

"தினமும் பன்னிரண்டு துணியில என் நிறம் வீட்டுக்கு நடந்து போகுது. இனிமே வாசல்ல மேல்துணியைக் கழட்டி, தார்ப்பாய்மேல உதறிட்டுப் போங்க. நிம்வாக்கா, நீ நேர்மையான பொம்பளை, அஞ்சு வேளை தொழுறவ. நீதான் பாத்துக்கணும்."

வாசல் என்றால் காவல்காரன் இருக்கும் இடம். சாக்கு தூக்கும் ஆண்கள் போய்வரும் இடம். அங்கே தலைத்துணியைக் கழற்றுவதா? ஆனால் மறுத்தால் வேறு எவனாவது அந்த இடத்தில் நிற்பான். அதைவிடத் தான் நிற்பது மேல் என்று நிம்வாக்கா ஒப்புக்கொண்டாள். காவல்காரன் காரிசாவிடம் தனியாகப் போய்ப் பேசினாள்.

"அண்ணே, அந்த நேரத்துல கொஞ்சம் முந்திரி மரத்தைப் பாத்துக்கிட்டு நிக்கிறீங்களா?"

"நான் எந்த நேரத்துலயும் முந்திரி மரத்தைத்தான் பாக்கிறேன். திருடங்க மரத்துலதானே ஏறுறாங்க," என்றான் காரிசா. மூட்டை தூக்கும் ஆட்களையும் அந்த நேரத்துக்குப் பின்பக்கம் அனுப்பிவிட்டான். ஆறு நாள் அப்படியே போனது. ஒரு மனிதன் முதுகைத் திருப்பி நிற்பதும் ஒரு தர்மம்தான், அல்லாஹ் இதையும் எழுதிக்கொள்வான் என்று நிம்வாக்கா மனதைத் தேற்றிக்கொண்டாள். ஆனாலும் ஒவ்வொரு மாலையும் அந்தத் தார்ப்பாயைச் சுருட்டும்போது அவளுக்கு நெஞ்சு எரிந்தது.

ஏழாம் நாள் மாலை முதலாளியே வாசலுக்கு வந்தார்.

"காரிசா, மரத்துக்கா உனக்குச் சம்பளம் குடுக்கிறேன்? திரும்பிப் பாரு. எவ எவ சரியா உதறல்லைன்னு எனக்குச் சொல்லு."

காரிசா மெதுவாகத் திரும்பினான். கண்ணைத் தன் செருப்பின்மேல் வைத்துக்கொண்டான்.

வரிசையில் முதலில் நின்றவள் மெஜுமா. அவள் துணியின் முனையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"நான் உதற மாட்டேன்."

"ஏன், உள்ள என்ன வச்சிருக்கே?"

"பிள்ளை வச்சிருக்கேன். அதையும் உதறணுமா?"

யாரோ பின்னால் சிரிப்பை அடக்கினார்கள். முதலாளியின் முகம் கறுத்தது.

"நிறம் குறைஞ்சது உங்க துணியில இல்ல முதலாளி, வெயில்ல," என்றாள் மெஜுமா. "கூரையைத் திருப்பிப் போடுங்க. நிறம் தானா வரும்."

"எனக்குப் பாடம் நடத்துறியா? நாளைக்கு நீ வர வேணாம்." அவர் மற்றவர்கள் பக்கம் திரும்பினார். "வேற யாருக்கு வீட்டுல ஓய்வு எடுக்கணும்?"

மெஜுமா துணியோடு வாசலைத் தாண்டிப் போனாள். முதலாளி நிம்வாக்காவைப் பார்த்தார். அவள் கைகள் தாமாகவே தலைக்குப் போயின. துணியைக் கழற்றினாள், உதறினாள். பத்துப் பேரும் அவள் பின்னால் உதறினார்கள். கடைசியில் தார்ப்பாயைக் கூட்டியபோது விழுந்திருந்தது அரைத் தேநீர்க் குவளை அளவு தூள். அதிலும் பாதி மண்.

வீட்டுக்குப் போன நிம்வாக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. மாலைத் தொழுகையில் குனிந்தபோது நெற்றி தரையில் பதிய மறுத்தது. பானையில் இருந்த மக்காச்சோள மாவில் பாதியை ஒரு பையில் கட்டி, ஒரு தேங்காயையும் எடுத்துக்கொண்டு மெஜுமாவின் வீட்டுக்கு நடந்தாள்.

மெஜுமா மரவள்ளிக் கிழங்கின் தோலை உரித்துக்கொண்டிருந்தாள். பையை நிமிர்ந்து பார்த்தாள், வாங்கவில்லை.

"அக்கா, நீ நல்லவ. என் கல்யாணத்துக்கு நீதான் பாத்திரம் கழுவுன. எனக்கு மறக்கல்ல."

"அப்போ வாங்கிக்கோ."

"மாவு ரெண்டு நாளைக்கு வரும். மூணாம் நாள் நீ என்ன கொண்டு வருவே?"

நிம்வாக்கா பையோடு அவள் எதிரே உட்கார்ந்தாள்.

"என்னைத் திருடின்னு சொன்னான்," என்றாள் மெஜுமா, கத்தியைக் கீழே வைத்துவிட்டு. "நீங்க பதினொரு பேரும் உதறினீங்களே, அது என்ன? ஆமா, நாங்களும் திருடிங்கதான்னு கையெழுத்துப் போட்ட மாதிரி. எனக்கு மாவு வேணாம்க்கா. என் பக்கத்துல வந்து நில்லு."

அது கோபமாகச் சொன்னது அல்ல. அதுதான் நிம்வாக்காவைச் சுட்டது. இத்தனை நாள் தான் செய்த நல்லதெல்லாம் ஒரு அக்கிரமத்தை வலிக்காமல் நடத்திக் கொடுப்பதற்கே உதவியது என்று அவளுக்கு அப்போதுதான் பட்டது. மாவுப் பையைக் கதவோரம் வைத்துவிட்டு எழுந்தாள்.

"பை இங்க இருக்கட்டும். எனக்குப் பத்து வீடு போகணும்."

எல்லா வீட்டிலும் கதவு உடனே திறந்துகொள்ளவில்லை. ஒருத்தியின் புருஷன், "முதலாளி பள்ளிவாசல்ல முன்வரிசையில தொழுறவரு, அவரை எதிர்க்கிறதா?" என்றான். "முன்வரிசையில நிக்கிறவருக்குத்தான் தம்பி, பின்னால நிக்கிறவங்க தெரியிறதில்ல," என்றாள் நிம்வாக்கா. இன்னொருத்தி அழுதாள், அழுதுகொண்டே வருகிறேன் என்றாள்.

மறுநாள் விடிந்தபோது மெஜுமாவையும் சேர்த்துப் பன்னிரண்டு பேரும் வாசலுக்கு வெளியே, துணியை இழுத்துப் போர்த்தியபடி உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே காய்கள் குவிந்து கிடந்தன. தடிகள் சுவரில் சாய்ந்திருந்தன.

செய்தி இரவே முதலாளியின் காதுக்கு எட்டியிருந்தது. அவர் சும்மா வரவில்லை. லாரியின் பின்தட்டில் பத்துப் பெண்களை ஏற்றிக்கொண்டு வந்தார். மழை பொய்த்துப்போன கினாங்கோப் பக்கத்துப் பெண்கள். கன்னம் ஒட்டிய முகங்கள்.

"பாத்தீங்களா?" என்றார் அவர். "பசிக்கிறவங்களுக்குப் பஞ்சமே இல்ல."

அவர் சொன்னது பொய்யில்லையே. அந்தப் பெண்களை ஏசுவதற்கு நிம்வாக்காவுக்கு நாக்கு எழவில்லை. மெஜுமா அவித்துக் கொண்டுவந்திருந்த மரவள்ளிக் கிழங்குச் சட்டியை வாங்கிக்கொண்டு நிம்வாக்காவே லாரியருகே போனாள்.

"சாப்பிட்டீங்களா? எடுத்துக்கோங்க. உப்பு போட்டிருக்கு."

முதலில் இறங்கியவள் உயரமாக இருந்தாள், பெயர் உமாசி. கிழங்கை எடுத்து ஊதிக்கொண்டே, "நீங்க ஏன் வெளியில குந்தியிருக்கீங்க?" என்று கேட்டாள்.

"சாயங்காலம் ஆம்பளைங்க முன்னாடி தலைத்துணியைக் கழட்டி உதறச் சொல்றாங்க."

உமாசி சிரித்தாள். "என் தலை பொறந்ததுலேர்ந்து வெறுந்தலைதான். எனக்கு என்ன வந்துச்சு?"

"தலைக்காக இல்ல, தங்கச்சி. நாங்க அவரு நிறத்தைத் திருடுறோமாம். அதுக்குத்தான் உதறச் சொல்றாரு. நீ துணி போடல்லைன்னா உன் தலைமயிரை உதறச் சொல்லுவாரு."

உமாசி மெல்லுவதை நிறுத்தினாள். முதலாளியை ஒரு முறை மேலும் கீழும் பார்த்தாள்.

"வேலைக்குன்னுதானே சொல்லிக் கூட்டிட்டு வந்தே? திருடின்னு சொல்லல்லையே."

"உள்ள போறியா, திரும்பி நடக்கிறியா?" என்று அதட்டினார் முதலாளி. "நாப்பது கிலோமீட்டர்."

"நடப்பேன். தண்ணி எடுக்கத் தினமும் நடக்கிறவதான். ஆனா இப்போ கிழங்கு திங்கணும்."

அவள் மெஜுமாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். இன்னும் இருவர் தயங்கித் தயங்கி வந்தார்கள். ஏழு பேர் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனார்கள். இரும்புக் கதவு சாத்தப்பட்டது.

கொஞ்ச நேரத்தில் உள்ளிருந்து தடிச் சத்தம் கேட்டது. பழகாத கைகளின் சத்தம். தாளம் தப்பித் தப்பி வந்தது. வெயில் ஏறியது. வெளியே இருந்தவர்களில் வயதான ஒருத்தி நிம்வாக்காவின் காதில், "அவங்க கத்துக்கிட்டா நம்ம கதி?" என்று முணுமுணுத்தாள்.

"தெரியல்ல," என்றாள் நிம்வாக்கா. அவளுக்கு உண்மையிலேயே தெரியவில்லை. அல்லாஹ்விடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

உள்ளே ஒரு தடியின் சத்தம் நின்றது. முதலாளியோடு சண்டை போடும் ஒரு பெண்குரல் கேட்டது. இரும்புக் கதவில் இருந்த சிறு நுழைவாசல் திறந்து, உள்ளே போன ஏழு பேரில் ஒருத்தி, முகமெல்லாம் செந்தூள் படிந்த ஒரு சின்னப் பெண் இருமிக்கொண்டே வெளியே வந்தாள். எங்கே போவதென்று தெரியாமல் வெயிலில் நின்றாள்.

"தள்ளி உக்காருங்கடி," என்றாள் நிம்வாக்கா. பதினைந்து பேரும் நகர்ந்து இடம் விட்டார்கள்.